புளி போட்டுத் தேய்த்த வாள்

கிணற்றடிக் கல்லில் வாள் கிடந்தது. அலகில் பழப்புளி அப்பியிருந்தது. பக்கத்தில் குத்துவிளக்குகள், செம்புகள், கைமணி எல்லாம் தேய்த்துக் கழுவப்பட்டு, காலை வெயிலில் மஞ்சளாக மினுங்கிக்கொண்டிருந்தன. என் தங்கை வசந்தி ஒரு செம்புத் தண்ணீரை வாளின் மேல் ஊற்றினாள். புளி கரைந்து ஓடியது.

வாள் மினுங்கவில்லை. சாம்பல் நிறமாகிக் கிடந்தது. அந்தச் சாம்பலில், பிடியருகிலிருந்து நுனிவரை, வெள்ளையும் கறுப்புமாக வரிகள் நெளிந்தன. அலை பின்வாங்கிய ஈரமணலில் தெரியுமே, அது மாதிரி.

வசந்தி இன்னொரு செம்பு ஊற்றினாள். வரிகள் தெளிவாகின. சாம்பல் போட்டுத் தேய்த்தாள். இன்னும் தெளிவாகின.

அம்மா கொடுத்துவிட்ட முருங்கைக்காய்க் கட்டோடு நான் கோண்டாவிலில் இருந்து அப்போதுதான் வந்து சைக்கிளைச் சாத்தியிருந்தேன். வசந்தி என்னைப் பார்த்த பார்வையில் ஒரு கேள்வியும் இல்லை. பயம் மட்டும்தான் இருந்தது. அந்த நேரம் பார்த்து அவளுடைய மாமியார் பொன்னம்மா மாமி குசினிக் கதவால் வெளியே வந்தார்.

மாமி சத்தம் போடுகிறவர் அல்ல. வாளைக் குனிந்து பார்த்தார்.

"பிள்ளை, உது என்ன?"

"புளி போட்டனான் மாமி. விளக்குக்குப் போட்ட மாதிரி."

"விளக்கு பித்தளை. உது வாள்."

அவ்வளவுதான். மாமி உள்ளே போய்விட்டார். வசந்தியின் கணவர் குகதாசன், என் மச்சான், நல்ல மனிதர்; ஆனால் வீட்டில் ஏதும் சிக்கல் என்றால் உடனே சைக்கிளுக்குக் காற்றடிக்கப் போய்விடுவார். அன்று அந்த இரண்டு ரயரும் கல்லாக இறுகும் வரை காற்றடித்தார்.

என் நாட்குறிப்பில் அன்றைக்கு "வெயில். வாள்." என்று மட்டும் எழுதியிருக்கிறேன். வழக்கமாக ஒரு பக்கம் எழுதுகிறவன் நான்.

ஒரு வாழைக்கு இத்தனை பாடு

நவராத்திரி முடிந்து விஜயதசமியன்று எங்கள் பக்கத்துக் கோயில்களில் நடப்பதை மானம்பூ என்போம். அம்மன் குதிரையேறிச் சந்திக்கு வருவார். அங்கே அசுரனுக்குப் பதிலாக ஒரு வாழை நடப்பட்டிருக்கும். மேளம் உச்சத்துக்குப் போக, ஐயர் வாளை ஓங்கி அதை வெட்டுவார். சனம் அரோகரா சொல்லிவிட்டுக் கடலைக்காரரிடம் போகும்.

வசந்தி வாழ்க்கைப்பட்ட கொக்குவிலில் உள்ள சிறிய அம்மன் கோயிலுக்கு வாள் போவது பொன்னம்மா மாமி வீட்டிலிருந்து. மாமியின் மாமனாருக்கும் முந்திய காலத்து வழக்கம் அது. சிவப்புப் பட்டில் சுற்றித் தாம்பாளத்தில் வைத்து மாமியே ஏந்திப் போவார். அதுவரை அந்த வாள் கண்டதெல்லாம் செங்கல் இடித்த செங்கட்டித் தூளும் தேங்காயெண்ணெயும்தான். அதைத் தீட்டுவதற்குக்கூட ஒருவருக்கும் துணிவு வரவில்லை.

விளைவு முந்திய வருடம் தெரிந்தது. ஐயர் முதல் வெட்டு வெட்டினார், வாழை அசையவில்லை. இரண்டாவதில் பாதி போனது. மூன்றாவதுக்குத் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றதே தவிர விழவில்லை. "அசுரன் இந்த வருசம் நல்லாச் சாப்பிட்டிருக்கிறான்" என்று கூட்டத்தில் யாரோ சொல்ல, சந்தியே சிரித்தது. மாமி சிரிக்கவில்லை. வருடம் முழுவதும் அதை மனதில் வைத்துக்கொண்டிருந்தார்.

அதற்கு மேல்தான் இந்தப் புளி.

மத்தியானம் மாமி என்னைக் கூப்பிட்டுத் தன் முடிவைச் சொன்னார். சரஸ்வதி பூசைக்கு முன் வாள் பழைய நிறத்துக்கு வரவேண்டும். வராவிட்டால் இந்த வருடம் அது பெட்டிக்குள் இருக்கும். ஐயர் வேறு கோயிலில் இரவல் வாங்கட்டும். ஏன் என்று ஊர் கேட்கும் என்றேன்.

"கேக்கட்டும் தம்பி. என்ரை வாயாலை பொய் வராது. மருமகள் புளி போட்டவ எண்டு சொல்லுவன்."

இதன் பாரத்தைப் புரிந்துகொள்ள எங்கள் ஊர்ப் பட்டப்பெயர்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். எங்கள் ஒழுங்கையில் ஒருவர் சிறுவயதில் கோயில் கேணியில் வழுக்கி விழுந்தார். அன்றிலிருந்து அவர் கேணிக் கந்தசாமி. பிறகு அவர் தலைமை ஆசிரியராகி, ஓய்வும் பெற்றார், பெயர் மாறவில்லை. வெளிநாட்டில் பிறந்து கேணியையே காணாத அவருடைய பேரனும் 'கேணியின்ரை பேரன்'தான்.

வசந்தி கலியாணம் முடித்து வந்தது அந்த ஆவணியில். ஊருக்கு அவளுடைய பெயரே இன்னும் சரியாகத் தெரியாது. இந்த விஜயதசமியோடு அவளுக்கு ஒரு பெயர் கிடைத்துவிடும். அது அவளுடைய பிள்ளைகளுக்கும் போய்ச் சேரும். அவளுக்கு அது நன்றாகத் தெரிந்திருந்தது.

கம்மாலையில் இரண்டு கெட்டிக்காரர்

போரினால் குடாநாட்டில் மின்சாரம் நின்றுபோய்ச் சில காலமாகியிருந்தது. சவர்க்காரம் கிடைக்காமல் பனங்காயில் துணி தோய்த்தோம். இரும்பும் வரவில்லை. ஆனால் ஓடாத பஸ்கள் நிறைய நின்றன. அவற்றின் ஸ்பிறிங் தகடுகள் கொல்லர் செல்லத்துரை அண்ணையின் கம்மாலைக்கு வந்து கத்தியாகவும் மண்வெட்டியாகவும் திரும்பிப் போயின. சைக்கிள் றிம் ஒன்றைச் சுற்றிக் காற்று அடித்து, சிரட்டைக்கரியில் வேலை செய்தார்.

"இந்தப் பஸ் எத்தினை பேரைப் பருத்தித்துறைக்கு ஏத்தி இறக்கினது. இப்ப வெங்காயம் வெட்டுது" என்று கத்தி வாங்க வருகிற எல்லோரிடமும் சொல்வார்.

வாளைப் பார்த்ததும் செல்லத்துரை அண்ணைக்குச் சந்தேகமே வரவில்லை. புளியின் கறை உள்ளே இறங்கிவிட்டது. முழு வாளையும் நன்றாகக் காய்ச்சி, அடித்து, தோய்த்து எடுத்தால் புதுச் சாமான் என்றார்.

எனக்கும் சந்தேகம் வரவில்லை. நான் அப்போது தொழில்நுட்பக் கல்லூரியில் உலோகவேலைப் போதனாசிரியர். எந்தச் சூட்டுக்கு எந்த நிறம் என்ற படத்தை நானே வர்ணம் தீட்டிச் சுவரில் மாட்டியவன். காய்ச்சித் தோய்த்தால் கறையும் போகும், வெட்டுவாயும் கூராக நிற்கும் என்றேன். தண்ணீரில் தோய்ப்பதா எண்ணெயில் தோய்ப்பதா என்பதில் மட்டும் எங்கள் இருவருக்கும் ஒத்துவரவில்லை. அதைப் பற்றியே வெகுநேரம் வாதாடினோம். வாளை நெருப்பில் போடலாமா என்று இருவரும் ஒரு நிமிடமும் யோசிக்கவில்லை.

வசந்தி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, மாமியின்ரை பெட்டிக்குள்ளை இந்த வாளின்ரை முனைத்துண்டு ஒண்டு கிடக்கு. முதல் அதைப் போட்டுப் பாருங்கோ."

வாளின் முனை மாமியின் காலத்துக்கு முன்பே முறிந்தது. கோயிலுக்குப் போகிற பொருள் என்பதால் வீசாமல் துணியில் சுற்றி வைத்திருந்தார்கள்.

"பிள்ளைக்கு என்னிலை நம்பிக்கை இல்லை" என்றார் செல்லத்துரை அண்ணை.

"வடை சுட்டாலும் முதல் ஒண்டு போட்டுத்தானே பாக்கிறம் அண்ணை."

செல்லத்துரை அண்ணை சிரித்துவிட்டார். அடுத்த நாள் அவள் துண்டைக் கொண்டுவந்தாள். மாமியிடம் கேட்டதாகவும், மாமி பெட்டியைத் திறந்து எடுத்துத் தந்ததாகவும் சொன்னாள்.

மூன்று துண்டுகள்

ஒரு சாண் அளவைவிடச் சற்று நீளமான துண்டு அது. விளிம்பில் வெட்டுக்காயம் போட்டுச் சுத்தியலால் தட்டி மூன்றாக்கினோம். லேசில் முறியவில்லை. கொஞ்சம் வளைந்து, பிறகுதான் விட்டுக்கொடுத்தது. முறிந்த முகம் மென்சாம்பலாக, பட்டுத்துணியின் உட்புறம் போல் இருந்தது.

முதல் துண்டைச் செல்லத்துரை அண்ணை பஸ் ஸ்பிறிங்கைக் காய்ச்சுவது போலவே காய்ச்சினார். அது எலுமிச்சம்பழ மஞ்சளாக ஒளிவிட்டது. எடுத்துப் பட்டடையில் வைத்து, பழகிய கையால் ஓங்கி ஓர் அடி.

துண்டு தட்டையாகவில்லை. புட்டு உதிர்வது போல உதிர்ந்து போனது. பட்டடையில் சிவந்த துகள்கள். கீழே மண்ணில் சில.

மூன்று பேருக்கும் பட்டடையில் முழு வாளும் உதிர்ந்து கிடப்பது தெரிந்தது. செல்லத்துரை அண்ணை காதில் செருகியிருந்த சுருட்டை எடுத்து, உலைக் கரியில் பற்றவைத்தார்.

"உது இரும்பில்லை" என்றார்.

"இரும்புதான் அண்ணை. கரி கூடின இரும்பு."

பஸ் ஸ்பிறிங்கிலும் கரி உண்டு, ஆனால் கொஞ்சம். இந்த வாளில் அதைவிடப் பல மடங்கு. கரி கூடக்கூட இரும்பு குறைந்த சூட்டிலேயே இளகத் தொடங்கும். ஒன்றுக்கு நல்ல சூடு, மற்றதற்கு உள்ளே மணிகளுக்கு இடையில் பிடிப்பு விட்டுப்போகிற சூடு. இதெல்லாம் எனக்குப் பாடமாகத் தெரியும். தெரிந்ததை அந்த வாளோடு சேர்த்துப் பார்க்க ஒரு துண்டு உதிரவேண்டியிருந்தது.

இரண்டாவது துண்டை அவ்வளவு சூட்டுக்குக் கொண்டுபோகவில்லை. தோடம்பழச் செம்மஞ்சளில் நிறுத்தி, கரியால் மூடி, அதே சூட்டில் நெடுநேரம் வைத்திருந்து, பிறகு சாம்பலுக்குள் புதைத்து மெல்ல ஆறவிட்டோம். அது ஆறும்வரை செல்லத்துரை அண்ணை வீட்டில், பனங்கிழங்கு மாவில் காய்ச்சிய ஒடியற்கூழ் குடித்தோம். நண்டு இல்லாத கூழ்தான். ஆனால் குடித்த நேரம் நண்டின் நினைவுகூட வரவில்லை.

திரும்பி வந்து துண்டைத் தேய்த்துப் புளி போட்டோம். வரி இல்லை. ஒரே சீரான சாம்பல்.

"பாத்தியளே, கறை போயிட்டுது" என்று செல்லத்துரை அண்ணை தொடையில் தட்டினார். வசந்தியின் முகம் அப்படி மலர்ந்ததை அந்தக் கிழமையில் நான் அன்றுதான் கண்டேன்.

ஆனால் நான் எதையும் சோதித்துப் பார்க்காமல் விடுகிற ஆள் இல்லை. துண்டைக் குறட்டில் இறுக்கி ஒரு தட்டுத் தட்டினேன். வளையவே இல்லை. கற்கண்டு போலப் படீரென்று முறிந்தது. முறிந்த முகமும் கற்கண்டு போலவே பருமணியாக மினுங்கியது.

வசந்தி முறிந்த முகத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். வரியை விரட்டலாம், ஆனால் வாளின் பலமும் அதோடு சேர்ந்து போய்விடும்.

மூன்றாவது துண்டில் நான் பிடிவாதம் பிடித்தேன். மாதுளங்கொட்டைச் சிவப்புக்கு மேல் போகக்கூடாது. சிறு சிறு அடிதான். நிறம் மங்க மங்கத் திரும்ப உலைக்குள். செல்லத்துரை அண்ணைக்கு இது பெரிய தண்டனை. "கோழிக்குஞ்சைத் தடவுற மாதிரிக் கிடக்கு" என்று முணுமுணுத்துக்கொண்டே அடித்தார். ஆனால் அழகாக அடித்தார். துண்டு உதிரவில்லை, கொஞ்சம் கொஞ்சமாக நீண்டது.

புளி போட்டோம். வரிகள் அப்படியே இருந்தன. சுத்தியல் விழுந்த இடங்களில் மட்டும் வளைந்து, தண்ணீரில் கல் விழுந்தது போல் வட்டமிட்டிருந்தன. குறட்டில் வைத்து வளைத்தேன். வளைந்து, விட்டதும் நிமிர்ந்தது.

மண் குகைக்குள்

இந்த இடத்தில் சற்று விலகிப் போகிறேன். நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது இது.

இப்படியான உருக்கை முற்காலத்தில் எங்கள் தீவின் மலைச்சாரல்களிலும் தென்னிந்தியாவிலும் செய்தார்கள். குகை என்று சொல்லும் சிறு மண் கலத்துக்குள் இரும்புத் துண்டுகளையும் காய்ந்த மரத்துண்டுகளையும் இலைகளையும் போட்டு, வாயை மண்ணால் அடைத்து, கடும் நெருப்பில் வைப்பார்கள். இரும்பு கரியைக் குடித்து உருகும். உருகியதும் எடுத்து ஊற்றுவதில்லை. குகைக்குள்ளேயே மெல்ல மெல்ல ஆறவிடுவார்கள். அந்தக் கட்டிகள் கப்பலேறி அரபு நாடுகள் வரை போய் வாளாகின.

வரியின் விதை அப்படி மெல்ல ஆறும்போதே விழுகிறது. பிறகு மிதமான சூட்டில் திரும்பத் திரும்பக் காய்ச்சி அடிக்கும்போது, இரும்பும் கரியும் சேர்ந்த மிகக் கடினமான நுண்மணிகள் நிரைநிரையாக அணிவகுக்கின்றன. இடையில் இருப்பது அவ்வளவு கடினமில்லாத உடம்பு. மணிகள் வெட்டும், உடம்பு அடியைத் தாங்கும். புளி உடம்பை அரித்துக் கறுப்பாக்குகிறது. மணிகளை அதனால் தொட முடியவில்லை. அவை வெள்ளையாக நிற்கின்றன. வரி என்று நாம் காண்பது இதைத்தான்.

சூடு கூடினால் மணிகள் உடம்பில் கரைந்துவிடும். பிறகு ஆறும்போது பழைய நிரைக்குத் திரும்பாமல், ஒன்றோடொன்று ஒட்டி வேலி போல நிற்கும். அடி விழுந்தால் அந்த வேலி வழியே முறியும். எங்கள் இரண்டாவது துண்டுக்கு நடந்தது அதுதான்.

அப்படியானால் வசந்தி வாளைக் கெடுக்கவில்லை. அதற்குள் இருந்ததை வெளியே தெரியவைத்திருக்கிறாள், அவ்வளவுதான்.

அதை மாமிக்கு யார் சொல்வது?

பாகு

வாளை நெருப்பில் காட்டுவதில்லை என்று முடிவாயிற்று. செல்லத்துரை அண்ணை தண்ணீர் ஊற்றி ஊற்றிச் சாணைக்கல்லில் தீட்டினார், அலகு கைக்குச் சுடாதபடி. கடைசியில், எங்கள் சிக்கலுக்கு ஒரு வழியும் சொன்னார். செங்கட்டித் தூளால் நன்றாக மினுக்கினால் மேலே உள்ள வரி மறையும். வாளுக்கும் ஒன்றும் ஆகாது. மாமிக்கும் தெரியாது.

எனக்கு அது நல்ல யோசனையாகவே பட்டது. வசந்தி தலையாட்டினாள், இல்லை என்று.

"அந்த வீட்டிலை நான்தானே அண்ணை இருக்கப்போறன். வருசா வருசம் பயந்து பயந்து மினுக்கிக்கொண்டு இருக்கேலாது. மாமிட்டைச் சொல்லுவம்."

நாங்கள் போனபோது மாமி பூசைக்கு எள்ளுருண்டை பிடிக்கச் சர்க்கரைப் பாகு காய்ச்சிக்கொண்டிருந்தார். விளக்குவது என் பொறுப்பு என்று நானே தொடங்கினேன். கரி, நுண்மணி, நிரை, வெப்பநிலை என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனேன்.

"தம்பி, கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ. வெளிச்சத்தை மறைக்கிறியள்" என்றார் மாமி.

வசந்தி அடுப்படியில் குந்தினாள். சோதித்த துண்டுகளை ஒரு தட்டில் வைத்து மாமியின் முன் தள்ளினாள்.

"உங்கடை பாகு மாதிரித்தான் மாமி. ஒரே சர்க்கரைதான். பதத்திலை இறக்கினால் உருண்டை பிடிக்கலாம். பதம் தப்பினால் கல்லாகும், இல்லாட்டி உதிரும். வாளும் பதம் பாத்துச் செய்தது. அந்தப் பதம்தான் வரியாத் தெரியுது."

மாமி அகப்பையைப் பாகிலிருந்து எடுத்து, விரலால் தொட்டு நூல் இழுத்துப் பார்த்தார். பதம் வந்திருக்கவேண்டும், தாச்சியை இறக்கி வைத்தார். பிறகு துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"எது முறிஞ்சது?"

"வரி இல்லாதது மாமி."

"வரி உள்ளது?"

"வளைஞ்சு நிமிந்தது."

"அப்ப உது அழுக்கில்லை."

"இல்லை மாமி."

மாமி எழுந்து கையைக் கழுவி, வாளை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனார். நாங்களும் பின்னால் போனோம். மச்சான் சைக்கிள் பம்பைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார். மாமி இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பிடியடியிலை ஒரு விரலகலம் விட்டுப்போட்டாய். செய்யிற வேலையை முழுக்கச் செய்யவேணும். அதுக்கும் புளி போடு."

வசந்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாமி சிரிக்கவில்லை.

"இன்னும் ஒண்டும் முடியேல்லைப் பிள்ளை. வாழை வெட்டுப்படட்டும், பாப்பம்."

சந்தியில்

குண்டு போடப் பொம்பர் வரும் என்ற பயத்தில் அந்தக் காலத்து மானம்பூ வெயில் இருக்கும்போதே நடந்து முடிந்துவிடும். ஒருவிதத்தில் அது வசதி இல்லாமல் போயிற்று. எல்லோருக்கும் வாள் நன்றாகத் தெரிந்தது.

மாமி பட்டை விலக்கியதும் முன்வரிசையில் சலசலப்புத் தொடங்கியது. வாள் ஏன் கறுத்துப் போயிற்று என்று ஒருத்தி கேட்க, மருமகள் புளி காட்டிவிட்டாளாம் என்று இன்னொருத்தி சொன்னாள். செய்தி எப்படி வெளியே போனதென்று தெரியவில்லை. காற்றடித்த சைக்கிளில் மச்சான் போய்வந்த கடைகளில் விசாரித்தால் தெரிந்திருக்கும். வசந்தி எண்ணெய்த் துணியைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி, தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

ஐயர் வாளை வாங்கி, வரியைப் பார்த்து ஒரு கணம் தயங்கினார். மாமியைப் பார்த்தார். "வெட்டுங்கோ ஐயா" என்றார் மாமி.

மேளம் உயர்ந்தது. ஐயர், போன வருடத்து நினைவிலோ என்னவோ, முழுப் பலத்தையும் போட்டு ஓங்கினார். வாள் போன சத்தமே கேட்கவில்லை. ஐயர்தான் தன் வேகத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, நாதஸ்வரக்காரரின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாழை நின்ற இடத்திலேயே நின்றது. சனம் மூச்சைப் பிடித்தது. பிறகு வெட்டுப்பட்டது அப்போதுதான் அதற்கே தெரிந்தது போல, மேற்பாதி மெல்லச் சரிந்து விழுந்தது.

அரோகரா என்ற சத்தத்தில் செல்லத்துரை அண்ணையின் குரல்தான் பெரிதாகக் கேட்டது.

வாள் திரும்பி மாமியின் தாம்பாளத்துக்கு வந்தது. வாழைச்சாறு இரும்பைக் கறுப்பாக்கும் என்பது எங்கள் பக்கத்தில் கத்தி பிடித்த எல்லோருக்கும் தெரியும். அதனால் ஒவ்வொரு வருடமும் மாமி அந்த இடத்திலேயே நின்று, சாறு காயுமுன் எண்ணெய்த் துணியால் துடைத்துவிடுவார். வசந்தி துணியோடு ஓடிப்போனாள்.

மாமி அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டார். அலகில் சாறு வழிந்தோடிய இடமெல்லாம் வரிகள் கறுத்துக் கறுத்து எழும்பிக்கொண்டிருந்தன. முன்வரிசைப் பெண்கள் கழுத்தை நீட்டினார்கள்.

"விடு பிள்ளை" என்றார் மாமி, அவர்களுக்கும் கேட்கும்படியாக. "கொஞ்சம் கிடக்கட்டும். சனம் பாக்கட்டும்."